வாவி திருத்தும் அறிவு

1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். அப்போது அவர் இலங்கையின் குடியேற்றச் செயலாளர். வாவியின் அடியிலிருந்து இசை எழுகிறது என்று கேள்விப்பட்டு, இரவில் தோணியேறிப் போய், தோணிப் பலகையில் காதை வைத்துக் கேட்டார். கேட்டதை 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் எழுதியும் வைத்தார். அவருக்கு அங்கே கிடைத்த விபரங்கள் நான்கு. நிலவு முழுமையை நெருங்கும் இரவுகளில் ஒலி தெளிவாகக் கேட்கும். குறித்த சில இடங்களில் மட்டுமே கேட்கும். கோடையில் கேட்கும், மாரி வெள்ளம் வாவிக்குள் இறங்கியதும் அடங்கிவிடும். நான்காவதாக, அந்த ஒலியை எழுப்புவது ஊரி என்ற நத்தையினம் என்றார்கள் மீனவர்கள். அதன் பிறகு ஒன்றே முக்கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. இடையில் விபுலாநந்த அடிகள் அந்த ஒலியை நீரர மகளிரின் இசையாக்கினார். 1950களில் யேசு சபைக் குருவானவர் ஒருவர் அதை ஒலிப்பதிவு செய்தார். ஊரி மெல்ல மறைந்து மீன் அந்த இடத்தைப் பிடிக்க, மாவட்டமே மீன் பாடும் தேன்நாடு ஆயிற்று. டெனன்ட் குறித்த முதல் மூன்று விபரங்களையும் கல்லடிப் பக்கத்தில் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறியது நான்காவது மட்டுமே.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. வாவியில் இரவுத் தொழிலுக்குப் போகிறவருக்கு எந்த இடம், எந்தப் பருவம், உப்புநீர் எப்போது நன்னீராகிறது என்பவை எல்லாம் வயிற்றுப்பாட்டோடு ஒட்டியவை. அவற்றில் பிழைத்தால் அன்றைய வலை வெறுமையாக வரும். ஒலியை எழுப்புவது ஊரியா மீனா என்பதில் பிழைத்தால் யாருக்கும் ஒரு சதம் நட்டமில்லை. ஆகவே அந்தப் பிழை திருத்தப்படாமலே கிடக்கலாம். மீன்பிடிக்கும், வேளாண்மை செய்யும் மக்கள் தம் ஊர் உயிரினங்களைப் பற்றி வைத்திருக்கும் அறிவை எடைபோட இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது: பிழைத்துப்போனால் யாருக்கு, எவ்வளவு சீக்கிரம் நட்டம்? நட்டம் பொழுதுபடுமுன் வந்து சேருமிடத்தில் அந்த அறிவை ஆய்வுகூடத்துக்கு ஈடாக நம்பலாம். நட்டம் வராத இடத்திலும், நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் இடத்திலும் அதே வாய் சொல்வதைச் சோதித்துத்தான் ஏற்கவேண்டும். முன்னோர் சொன்னதெல்லாம் விஞ்ஞானம் என்று கைகூப்புகிறவர்களும், படிக்காதவர் சொல்வதெல்லாம் மூடநம்பிக்கை என்று கைவீசுகிறவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை.

இந்த அளவுகோலைப் பயன்படுத்திப் பார்க்கப் படுவான்கரை நல்ல இடம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்கும் அதற்கும் நடுவில் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பழுகாமம் இந்த மேற்குக் கரையின் தென்பகுதியில், போரதீவுப்பற்றில் இருக்கிறது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் வட்டைகளும் குளங்களும், அவற்றுக்கும் அப்பால் காடு. நவகிரி ஆற்றுப் பக்கத்திலிருந்து வரும் நன்னீரும் முகத்துவாரம் வழியாக ஏறிவரும் கடல்நீரும் வாவியில் கலக்கின்றன. ஆகவே ஒரே ஊரின் கைக்கெட்டும் தூரத்தில் வயல் விராலும் கடல் இறாலும் உண்டு. முதலையும் யானையும் உண்டு. இத்தகைய ஊர்களில் பெரும்போகத்தில் வயலில் நிற்பவர் கோடையில் தோணியில் நிற்பது புதுமையில்லை. மட்டி பொறுக்கும் பெண்ணுக்குக் கரையோரச் சேற்றின் நெளிவுசுளிவு தெரிந்த அளவுக்கு நடுவாவியில் வலைபோடும் கணவனுக்குத் தெரியாது. எருமை மேய்க்கிறவருக்குத் தெரிந்த காட்டு வழி இருவருக்குமே தெரியாது. ஊர் அறிவு என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது வசதிதான். உண்மையில் அது தொழிலுக்குத் தொழில், ஆளுக்கு ஆள் பிரிந்து கிடக்கும் அறிவு. அவரவர் கை படுமிடத்தில் மட்டுமே கூர்மையாக இருப்பது.

கூர்மையான இடத்துக்கு முதல் சாட்சி இறால். கடல் இறால் முட்டையிடுவது கடலில். கண்ணுக்கு எளிதில் தென்படாத பருவத்தில் அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வருகின்றன. கண்டல் வேர்களுக்கும் நீர்த்தாவரங்களுக்கும் இடையில் சில மாதங்கள் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காகத் திரும்பக் கடலுக்குப் போகின்றன. ஆற்று இறாலின் வழி இதற்கு நேர்மாறு. அது வளர்வது நன்னீரில், குஞ்சு பொரிப்பதற்கு இறங்கி வருவது உவர்நீருக்கு. இந்த இரு வாழ்க்கை வட்டங்களையும் பல்கலைக்கழகப் பாடநூல் படம் போட்டு விளக்குகிறது. வாவித் தொழிலாளிக்குப் படம் தேவைப்படவில்லை. மழைநீர் இறங்கி வாவி கலங்கும் இருட்டு இரவுகளில், கடலை நோக்கிய ஓட்டத்தில் இறால் திரளாகப் போகும் என்பதை அறிந்தே அவர் வலையின் வாயை எந்தத் திசைக்குத் திருப்புவது என்று முடிவுசெய்கிறார். திசை தவறினால் அன்றிரவே தெரிந்துவிடும், அடுத்த இரவு திருத்திக்கொள்வார். ஒரு மாரியில் பலமுறை சோதனை நடக்கிறது, ஒவ்வொரு சோதனையின் விடையும் எடைபோட்டுக் காசாகக் கைக்கு வருகிறது. தலைமுறை தலைமுறையாக இப்படித் திருத்தப்பட்டு வந்த அறிவை வெறும் வாய்ச்சொல் என்று தள்ளுவது, செலவில்லாமல் கிடைத்த நீண்டகால ஆய்வொன்றைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

வயல் மீன்களுக்கும் இதே கதைதான். கோடையில் குளம் வற்றும்போது விரால் சேற்றுக்குள் புதைந்து, வெளிக்காற்றை வாங்கி உயிர் பிழைத்துக் கிடக்கும். முதல் மழைக்குச் சில மீன்கள் ஈர நிலத்தின் மேலாகவே ஊர்ந்து அடுத்த பள்ளத்துக்குப் போகும். ஐரோப்பிய அறிஞர்கள் இதைக் கேட்டபோது முதலில் நம்பத் தயங்கினார்கள். தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் ஏறிய மீனைத் தாம் கண்டதாக எழுதியது 1797இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சேறியது. பல தசாப்தங்களாக அது கேலிக்கும் வாதத்துக்கும் உள்ளானது. பின்னர் நடந்த ஆய்வுகள், அந்த மீனின் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருப்பதையும், செவுள் மூடியை ஊன்றி அது நிலத்தில் நகர்வதையும் உறுதிசெய்தன. மரமேறும் பழக்கம் மட்டும் உறுதியாகவில்லை. இங்கும் கோடு அதே இடத்தில்தான் விழுகிறது. மழை நாளில் வரம்போரம் மீன் பொறுக்குகிறவருக்கு நிலத்தில் ஊரும் மீன் கறிக்கு உதவும், ஆகவே அதில் பிழையில்லை. மரமேறும் மீன் சொல்லிச் சிரிக்க மட்டுமே உதவும். அது மிகைப்பட்டால் கேட்க ஆளில்லை.

இரண்டுக்கும் நடுவில், இன்னும் தீர்ப்புச் சொல்லப்படாதவையும் உண்டு. நிலாக்காலத்து நண்டு சதையில்லாமல் இருக்கும், இருட்டுக் காலத்து நண்டு கனமாக இருக்கும் என்பது தமிழ்க் கரைகளில் பரவலாகக் கேட்கும் பேச்சு. இதில் ஒரு பாதி உறுதியானது. ஓடு கழற்றிய நண்டின் உடம்பில் சதை சுருங்கி நீர் ஏறியிருக்கும். வெளியே பெரிதாகத் தெரிந்தாலும் உடைத்தால் ஏமாற்றம்தான். நண்டு வாங்குகிறவர் ஓட்டின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தி, அது அமுங்குகிறதா என்று பார்ப்பது இதற்காகவே. ஓடு கழற்றுவதை நிலவு ஆட்டிவைக்கிறதா என்பது மறுபாதி. அதை நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். நண்டு விற்கும் கரையில் தராசும் கொப்பியும் வைத்து, ஒரே அளவு ஓடுள்ள நண்டுகளை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒரு வருடம் நிறுத்துப் பார்த்தால் விடை வந்துவிடும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விலங்கியல் மாணவர் ஒருவரின் இறுதியாண்டு ஆய்வுக்கு இதைவிட மலிவான, ஊருக்குப் பயன்படும் தலைப்பு கிடைக்காது. ஊர்ப் பேச்சு தன்னளவில் முடிவு ஆகாது. ஆனால் எதைத் தேடவேண்டும் என்பதை அது சொல்லிவிடுகிறது, ஆய்வில் பாதி வேலை அதுதான்.

இது மட்டக்களப்புக்கு மட்டும் பொருந்தும் பெருமிதப் பேச்சில்லை. பசிபிக் கடலின் பலாவ் தீவுகளில் 1970களில் மீனவர்களோடு தங்கி ஆராய்ந்த ரொபர்ட் யொஹான்னஸ், 1981இல் வெளியிட்ட நூலில், எந்த மீன் எந்தப் பிறையில் எங்கே கூடி முட்டையிடும் என்பதை அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று விளக்கினார். அவர்கள் சொன்ன மீனினங்களின் எண்ணிக்கை, உலகம் முழுவதற்குமாக அன்று விஞ்ஞான நூல்களில் பதிவாகியிருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல். அலாஸ்காவில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். வில்தலைத் திமிங்கிலங்கள் அருகிவிட்டன என்று கருதி, 1977இல் சர்வதேச திமிங்கில வேட்டை ஆணைக்குழு அங்குள்ள இனுபியாட் மக்களின் வேட்டையைத் தடைசெய்ய முடிவெடுத்தது. பனிக்கட்டி விளிம்பில் நின்று கண்ணுக்குத் தெரிந்தவற்றை மட்டும் எண்ணியதில் கிடைத்த கணக்கு அது. திமிங்கிலங்கள் பனிக்கட்டிக்கு அடியாலும் போகும், தலையால் பனியை உடைத்து மூச்சுவிடும், நீங்கள் எண்ணுவது கொஞ்சம்தான் என்றார்கள் வேட்டைக்காரர்கள். பிறகு நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னது சரியாயிற்று. கணக்குப் பல மடங்கு உயர்ந்தது. பனிக்கட்டியில் திமிங்கிலம் எங்கே வெளிவரும் என்பதில் பிழைத்தால் உயிர் போகும் தொழில் அது. அந்த மக்களின் அறிவு ஏன் கூராக இருந்தது என்று தனியாக விளக்கவேண்டியதில்லை.

இனி மறுபக்கம். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, விலங்குகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, யால காட்டில் யானைகள் மேட்டுக்கு ஓடிவிட்டன என்ற செய்தி உலகமெல்லாம் பரவியது. முன்னோருக்கு இது தெரியும் என்றும் பலர் எழுதினார்கள். யாலவில் அப்போது செய்மதிக் கழுத்துப்பட்டி பூட்டப்பட்ட யானைகள் இருந்தன. அவற்றின் நடமாட்டப் பதிவுகளைப் பரிசோதித்து 2006இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில், அப்படி முன்னுணர்ந்து ஓடியதற்கான அடையாளம் இல்லை. பல தலைமுறைக்கு ஒருமுறை வரும் நிகழ்வைப் பற்றி விலங்கைப் பார்த்துக் குறிசொல்வதைத் திருத்த எந்தக் கரையிலும் வாய்ப்பில்லை. ஆகவே அங்கே பிழை தங்கும். அப்படியானால் அரிதாக வருவதைப் பற்றி ஊர் எதுவுமே அறியமுடியாதா என்று கேட்கலாம். அறியலாம். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907இல் வந்த பேரலையின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் வைத்திருந்தார்கள். நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். அவர்கள் சேமித்து வைத்தது கண்ட நிகழ்வின் வரிசையை, விலங்கைப் பார்த்துச் சொன்ன குறியை அல்ல. கல்லடி, நாவலடிக் கரைகளில் அப்படியொரு நினைவு இல்லாததன் விலையை நாம் அறிவோம்.

பாம்பு விடயத்தில் அறிவின் இரு முகமும் ஒரே ஆளிடம் தெரியும். வட்டைக்குள் இறங்குகிறவருக்கு நாகத்தையும் புடையனையும் பிரித்தறியத் தெரியும். எந்த வரம்புப் பொந்தில், எந்த வைக்கோல் குவியலில் எச்சரிக்கை வேண்டும் என்று தெரியும். அரிவி வெட்டுக் காலத்தில் எலியைத் தேடிப் பாம்பு எங்கே வரும் என்றும் தெரியும். இவையெல்லாம் அன்றாடம் சோதிக்கப்படுபவை. கடித்த பிறகு செய்யும் மருந்து அப்படியில்லை. கடிக்கிற பாம்பு எல்லாமே நஞ்சுள்ளதில்லை, நஞ்சுள்ள பாம்பும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சை இறக்குவதில்லை. ஆகவே எந்த வேரை அரைத்துக் கொடுத்தாலும் பலர் பிழைப்பார்கள், பிழைத்தவர் எல்லாரும் அந்த வேருக்குச் சாட்சி சொல்வார்கள். செத்தவர் சாட்சி சொல்ல வரமாட்டார். தோல்வி மறைந்து வெற்றி மட்டும் எண்ணப்படும் இடத்தில் அனுபவம் எத்தனை வருடமானாலும் திருந்தாது. அதனால் கடிபட்டவரை நேரே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பில்லை. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியை 2017இல் முன்னுரிமை தரவேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த ஆசுபத்திரி மருந்துக்குள்ளும் ஊர் அறிவு இருக்கிறது. இலங்கையில் ஏற்றும் நஞ்சுமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அங்கு அதற்கான நஞ்சில் பெரும்பங்கைக் கொடுப்பது, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். இரு நாட்டுப் பாம்புகளின் நஞ்சிலும் வேறுபாடு உண்டு என்பதால் அந்த மருந்து இங்கே அவ்வளவு திருப்தியாக வேலை செய்வதில்லை என்ற குறை தனியாக இருக்கிறது. ஆனாலும் வெல்லாவெளி வயலில் புடையன் கடித்தவருக்கு ஏறும் மருந்தின் முதல் படி, இருளர் கையில் அகப்பட்ட பாம்பு.

இருளர் கதையில் இன்னொரு கேள்விக்கும் விடை உண்டு. ஊர் அறிவு அந்த ஊருக்குள் மட்டும் செல்லுபடியாகும் சரக்கு, வெளியே கொண்டுபோனால் பயன்படாது என்று சிலர் சொல்வார்கள். 2017இல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் மற்ற உயிர்களை அழித்துக்கொண்டிருந்தன. முன்பின் பார்த்திராத காட்டில், கையில் சிறு கருவிகளோடு, தடத்தையும் எச்சத்தையும் செடியின் சாய்வையும் பார்த்து, சில வாரங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் செங்கல்பட்டுக் காட்டின் வரைபடத்தைக் கொண்டுபோகவில்லை. தடம் பார்க்கும் முறையைக் கொண்டுபோனார்கள். தகவலைவிட முறையே இந்த அறிவின் உயிர். தகவல் பழசாகும். முறை தெரிந்தவர் புதுத் தகவலைத் தேடிக்கொள்வார்.

எதிர்வாதங்களில் கனமானது இதுதான்: இவ்வளவு தெரிந்தவர்கள் இருந்தும் வாவி மீன் ஏன் குறைகிறது? தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை விரிப்பவரும் அந்தக் கரை ஆள்தானே? கேள்வி நியாயமானது. விரால் குஞ்சுகள் செந்நிறத் திரளாக நீர்மட்டத்தில் துடிப்பதையும், தாய்தகப்பன் கீழே காவல் நிற்பதையும் வயலோரத்தில் எவரும் அறிவர். அதே அறிவால் குஞ்சுத் திரளைக் கண்டு ஒதுங்கவும் செய்யலாம், அந்தத் திரளையே அடையாளமாக வைத்து அடியில் நிற்கும் பெரிய விராலைத் தூக்கவும் செய்யலாம். அறிவு இருப்பதால் கட்டுப்பாடு தானாக வந்துவிடாது. கட்டுப்பாடு என்பது கூட்டு ஒழுங்கு. பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் பாடு முறையில் இடத்தை முறைவைத்துப் பங்கிடுவதும், நீர்கொழும்பு வாவியில் கட்டுவலை இடங்களைச் சீட்டுப்போட்டுப் பிரிப்பதும் அத்தகைய ஒழுங்குகள். படுவான்கரையில் முப்பதாண்டுப் போர், இடப்பெயர்வு, தொழிலுக்குப் போகத் தடை என்று எல்லாம் சேர்ந்து இப்படியான ஒழுங்குகளுக்கு இடம் வைக்கவில்லை. இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்ட வாவியையே இயல்பான வாவி என்று கொள்கிறது. அப்பா கண்ட பெருக்கம் மகனுக்குக் கதை, பேரனுக்குப் பொய். டானியல் போலி என்ற மீன்வள அறிஞர் 1995இல் இந்த மறதியைச் சுட்டிக்காட்டினார், விஞ்ஞானிகளுக்கும் இந்த மறதி உண்டு என்றார். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று ஊர் மீனாகவே புழங்குவது இதற்குச் சான்று. அது வருமுன் அந்த இடத்தில் என்ன மீன் எவ்வளவு இருந்தது என்று சொல்ல எவரும் மிஞ்சவில்லை. ஒரு தோணியிலிருந்து இன்றைய நீரைப் பார்க்கலாம், ஐம்பது வருட நீரைப் பார்க்க ஏடு வேண்டும். ஊர் அறிவுக்கு விஞ்ஞானம் எங்கே தேவை என்பதற்கு இதுவே விடை.

முறை உயிரோடு இருந்தால் அறிவு புதுப்பிக்கப்படும் என்பதற்கு யானை உதாரணம். போரதீவுப்பற்றில் யானைத் தொல்லை இன்று அன்றாடச் செய்தி. 2011இல் நடந்த கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். 2019இல் மட்டும் நாடு முழுவதும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் இறந்தார்கள். நீண்டகாலம் அரசின் வழி, யானையைக் காட்டுக்குள் விரட்டி எல்லையில் மின்சார வேலி போடுவது. வேலியின் இருபக்கமும் காடாகவே இருந்தால் யானைக்கு அந்த எல்லை பொருளற்றது. இலங்கையில் யானைகளை ஆராய்ந்துவரும் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும், வேலியைக் காட்டெல்லையில் போடாமல் வயலையும் ஊரையும் சுற்றிப் போட்டு, விவசாயிகளே பராமரித்து, அறுவடை முடிந்ததும் வயல் வேலியைக் கழற்றிவிடும் முறையை வளர்த்தார்கள். வெட்டிய வயலில் யானை மேய்ந்தால் யாருக்கும் நட்டமில்லை, அடுத்த போகத்தில் வேலி திரும்ப எழும். எந்தப் பக்கத்தால் வரும், எந்தத் தனியன் வேலிக்கட்டையைத் தள்ளப் பழகிவிட்டது, எப்போது வேலியை எழுப்பவேண்டும் என்பதெல்லாம் பரணில் விழித்திருப்பவருக்குத் தெரியும், கொழும்பிலிருக்கும் அலுவலகத்துக்குத் தெரியாது. யானையும் கற்றுக்கொள்கிறது. யானை வெடிக்கு முதல் வருடம் ஓடியது அடுத்த வருடம் நின்று பார்க்கிறது. ஆகவே தாத்தா சொன்ன யானை வழி இன்று உதவாமல் போகலாம், நேற்றிரவு காவலிருந்தவர் சொல்வது உதவும். பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டதும் பழசைத் தேடிப்போகிறவர்கள் இந்தப் புது அறிவைத் தவறவிடுகிறார்கள்.

இவற்றைப் பதிவுசெய்யவேண்டும் என்றதும் இன்னோர் அச்சம் எழும். இறால் கூடும் இடத்தையும் கொடுவா ஒதுங்கும் பள்ளத்தையும் அச்சில் போட்டால் நாளையே வெளியூர் வலை அங்கே இறங்கும். இந்த அச்சம் வெறும் கற்பனையில்லை, மீனவரின் மௌனத்தில் பாதிக்கு இதுவே காரணம். ஆனால் பதிவு என்பது எல்லாவற்றையும் ஊருக்கு அறிவிப்பதாக இருக்கவேண்டியதில்லை. மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலில் இந்த மண்ணின் வாழ்வையும் வழக்குகளையும் எழுதி வைத்திராவிட்டால் அவற்றில் எவ்வளவோ இன்று காணாமல் போயிருக்கும். அதேபோல வாவியின் உயிர்களைப் பற்றிய பதிவில், பருவமும் நடத்தையும் எல்லாருக்கும் திறந்திருக்கலாம். இடத்தின் விபரம் அந்தந்தக் கடற்றொழிலாளர் சங்கத்தின் கையில் இருக்கலாம். யார் சொன்னது, எத்தனை பேர் ஒத்துக்கொண்டார்கள், சொன்னவர் அந்தத் தொழிலைச் செய்தவரா என்பதும் பக்கத்தில் எழுதப்படவேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாய்ப்பேச்சு அச்சேறியதாலேயே உண்மையாகிவிடும்.

இதெல்லாம் ஏட்டுப் பேச்சாக நின்றுவிடாமல் ஒவ்வொரு மாரியிலும் உரைத்துப் பார்க்கும் இடம் முகத்துவாரம். மழை கனத்து வாவி ஏறும்போது படுவான்கரை வயல்கள் மூழ்கும், முகத்துவாரத்தை வெட்டிவிடுங்கள் என்று விவசாயிகள் கேட்பார்கள். முந்தி வெட்டினால் வளராத இறாலும் மீனும் நீரோடு கடலுக்குப் போய்விடும், பொறுங்கள் என்று மீனவர்கள் கேட்பார்கள். முடிவு மாவட்டச் செயலகத்தின் கையில். இரு தரப்பும் தங்கள் பங்குக்கு உண்மையே சொல்கின்றன. பழுகாமம் போன்ற ஊரில் இரு தரப்பும் ஒரே வீட்டுக்குள்ளேகூட இருக்கும். ஆனாலும் அந்த முடிவு பெரும்பாலும் யாருடைய குரல் உரத்தது என்பதைப் பொறுத்து அமைகிறது, போன வருடம் எந்தத் தேதியில், எத்தனை அடி நீரில் வெட்டினோம், அதன் பிறகு நெல்லும் இறாலும் என்னவாயின என்பதைப் பொறுத்து அமைவதில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரகவளச் சட்டம் மீன்பிடி முகாமைத்துவப் பகுதிகளையும் குழுக்களையும் அமைக்க இடம் தருகிறது. அந்தக் குழுவில் விவசாயி, மீனவர், மட்டி பொறுக்கும் பெண், மேய்ச்சல்காரர், பல்கலைக்கழக ஆய்வாளர் என்று ஒவ்வொருவரும் தத்தம் கைபட்ட விடயத்துக்கு மட்டும் சாட்சியாக உட்காரட்டும். மாரி தொடங்குமுன் அவர்கள் சொல்வதை எழுதுங்கள், மாரி முடிந்ததும் நடந்ததோடு ஒப்பிடுங்கள். பத்து வருடத்தில் எந்தச் சொல் நின்றது, எது விழுந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும். வாவி இதுவரை தனித்தனி ஆட்களைத் திருத்தி வந்தது. இனி முடிவெடுக்கும் அலுவலகத்தையும் அதே கண்டிப்போடு திருத்த அதற்கு ஓர் ஏடு போதும்.